ஏழு துளைகளும் சரி

பெற்றீசியா டீச்சர் போடும் இஞ்சித் தேநீரை நான் ஒருநாளும் வேண்டாம் என்றதில்லை. குண்டசாலையில் அவர் வீட்டுக்குப் பின்னால் நான் மதில் கட்டிய இரண்டு மாதமும், காலை பத்து மணிக்கு அவரே தட்டில் வைத்துக் கொண்டுவருவார். கட்டட வேலை செய்யும் கொந்தராத்துக்காரனுக்குப் பீங்கான் கோப்பையில் தேநீர் கொடுக்கிறவர்கள் இந்தக் காலத்தில் குறைவு. அதனால், மிஸ்டர் இப்ஹாம், அவர்மேல் எனக்கு ஏதாவது கோபம் இருந்ததா என்று நீங்கள் கேட்டபோது மனதுக்குக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது. நீங்கள் காப்புறுதிக் கம்பனி அனுப்பிய விசாரணைக்காரர், கேட்கத்தான் வேண்டும். நானும் ஒளிக்காமல் சொல்கிறேன்.

மலையை வெட்டி வீடு கட்டினால் மண்ணைத் தாங்கப் பின்னால் ஒரு மதில் வேண்டும். மதிலின் அடியில் மழைத்தண்ணீர் வெளியேறத் துளைகள் வேண்டும். கண்டிப் பக்கத்தில் இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். டீச்சரின் மதிலுக்கு வரைபடம் போட்டது நான், கட்டியது நான், முடிந்ததும் பரிசோதித்துச் சான்றிதழ் கொடுத்ததும் நான். மூன்று வேலையும் ஒரே ஆளா என்று சிலர் முகம் சுளிப்பார்கள். வீட்டுக்காரருக்கு அலைச்சல் மிச்சம் என்பதை யோசிக்கமாட்டார்கள்.

பிழை என்று ஒன்றைச் சொல்வதானால், வீட்டு ஆசீர்வாதத்துக்கு முதல் நாள் நடந்ததைச் சொல்லலாம். வெள்ளைப் பெயின்ட் அடித்து இரண்டு நாள்கூட ஆகவில்லை, ஏழு துளைகளிலிருந்தும் செம்மண் தண்ணீர் ஒழுகி மதில் முழுக்கக் கோடு கோடாக இறங்கியிருந்தது. டீச்சருக்கு அழாத குறை.

"நாளைக்கு ஃபாதர் வாற நேரம் இது என்ன கோலம், யாகப்பர்? ஏதாச்சும் செய்யுங்களேன்" என்றார்.

பெரிய மனுஷி கெஞ்சும்போது பார்த்துக்கொண்டு நிற்க முடியுமா? சீமெந்து குழைத்து ஏழு துளைகளையும் அடைத்தேன். மேலே பெயின்ட் அடித்தேன். ஃபாதர் தீர்த்தம் தெளித்துவிட்டுப் போனதும் திறந்துவிடுவதாகத்தான் எண்ணம். அடுத்த கிழமையே தெல்தோட்டையில் வேலை வந்துவிட்டது. சான்றிதழில் 'ஏழு துளைகளும் சரி' என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனேன்.

ஒக்டோபர் மழையில் டீச்சர் டெலிபோன் கோல் எடுத்தார். "மதில் முன்னுக்குத் தள்ளுன மாதிரி இருக்கு. ஒருக்கா வந்து பாருங்க."

போய்ப் பார்த்தேன். மதில் நடுவில் வயிறு வைத்திருந்தது. குசினி ஜன்னலுக்கு நேரே விரல் நுழையும் அளவுக்கு ஒரு வெடிப்பு. மலைத்தண்ணீர் போக வழியில்லாமல் பின்னால் தேங்கி நின்று தள்ளுகிறது. ஐந்து நிமிடத்தில் எனக்கு விளங்கிவிட்டது. முப்பது வருட அனுபவம் எதற்கு இருக்கிறது.

அன்று என் பையில் உங்கள் கம்பனியின் விண்ணப்பப் படிவம் இருந்தது. கட்டுகிற வேலைக்கு என்னிடம் ஏற்கெனவே காப்புறுதி உண்டு. வரைவதிலும் பரிசோதிப்பதிலும் பிழை வந்து யாருக்கும் தீங்கு நேர்ந்தால் ஈடு கொடுக்கிற காப்புறுதி மட்டும் இல்லை. அதை நவம்பர் முதலாம் திகதியிலிருந்து எடுக்கவிருந்தேன். பழைய வேலைகளுக்கும் அது செல்லும். ஆனால் ஏதாவது ஒரு வேலையில் பிழை இருப்பது எனக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தால் அதைப் படிவத்தில் எழுத வேண்டும்; எழுதினால் அந்த வேலைக்குக் காப்புறுதி கிடையாது. உங்களுக்குத் தெரியாததா?

டீச்சர் தேநீரைக் கையில் தந்துவிட்டுக் கேட்டார்: "குசினியில சமைக்கலாம்தானே? இல்லாட்டி கொஞ்ச நாளைக்கு ஜெஸ்மின் வீட்டுல போய் இருக்கவா?"

ஜெஸ்மின் அவருடைய ஒரே மகள், பிலிமத்தலாவையில் இருக்கிறாள். நான் அவசரப்படாமல் யோசித்தேன். போங்கள் என்றால் மதில் விழும் என்று எனக்குத் தெரியும் என்றாகிவிடும். தெரியும் என்றால் காப்புறுதி இல்லை. காப்புறுதி இல்லாத மதிலுக்குக் கீழே ஒரு விதவையை எப்படி விட்டுவிட்டு வருவது?

"ஈரத்துக்கு மதில் அப்படித்தான் தெரியும், டீச்சர். நீங்க பயப்படாம சமைங்க" என்றேன். வெடிப்பைப் பூசிக் கொடுத்தேன். கூலிகூட வாங்கவில்லை.

படிவத்தில் 'தெரிந்த பிழை ஏதுமில்லை' என்று எழுதினேன். ஏஜன்ட் ஐம்பது இலட்சத்துக்கு எடுத்தால் போதும் என்றார். நான் ஒரு கோடியாக்கச் சொன்னேன். அதன்பிறகு ஒன்பது நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மழை இரைந்தால் எழுந்து நாட்காட்டியைப் பார்ப்பேன். தினமும் காலையில் டீச்சருக்குக் கோல் எடுப்பேன்.

"என் மககூட இப்படி விசாரிக்கிறதில்ல, யாகப்பர்" என்று சிரிப்பார். அந்த ஒன்பது நாளும் அவர் எவ்வளவு சந்தோஷமாக இருந்தார் தெரியுமா?

நவம்பர் முதலாம் திகதி, புனிதர் அனைவர் திருநாளன்று, காப்புறுதிப் பத்திரம் கைக்கு வந்தது. கோவிலில் ஒரு மெழுகுதிரி கொளுத்தினேன். அன்றிலிருந்து டீச்சருக்குக் கோல் எடுக்கவில்லை, தேவை இருக்கவில்லை.

நான்காம் திகதி காலை பத்து மணிக்கு மதில் விழுந்தது. டீச்சர் குசினியில் இருந்தார். அடுப்பில் கேத்தல் இருந்ததாகச் சொன்னார்கள்.

ஏன் ஒரு கோடியாகக் கூட்டினேன் என்று மூன்றாவது தடவையாகக் கேட்கிறீர்கள். ஜெஸ்மினுக்காகத்தான். தாயை இழக்கப்போகிற பிள்ளைக்கு ஐம்பது இலட்சம் எந்த மூலைக்கு?

ஏன் பேனையைக் கீழே வைத்துவிட்டீர்கள்? எடுத்து எழுதிக்கொள்ளுங்கள். எனக்குத் தெரியும். பன்னிரண்டு நாளுக்கு முன்னமே தெரியும். துளைகளை அடைத்தவனும் நான், விழும் என்று கண்டவனும் நான், அவரை அங்கேயே இருக்கச் சொன்னவனும் நான்.

"ஒரு சொல் சொல்லீந்தா அந்த மனுஷி தப்பியிருப்பாங்களே" என்கிறீர்கள். தப்பியிருப்பார். இந்நேரம் பிலிமத்தலாவையில் மகள் வீட்டில் இஞ்சி தட்டிக்கொண்டிருப்பார். ஆனால், மிஸ்டர் இப்ஹாம், காப்புறுதி இல்லாமல் விழுந்த மதிலுக்கு யார் பொறுப்பு ஏற்பது?