பைத்தானில் ஒரு கதவு

"அந்தப் பக்கம் யாருன்னு பாக்காமலே கதவத் தொறக்கச் சொல்லுதுட்டி இது."

மும்பையில் கல்யாண் போகும் மின்வண்டியின் பெண்கள் பெட்டியில், சயானில் ஏறி என் எதிரே உட்கார்ந்த இருவரில் மடியில் லேப்டாப் வைத்திருந்தவள் சொன்னாள்.

"எது?" என்றாள் பக்கத்திலிருந்த தோழி.

"இந்த கர்ல் கமாண்ட். நோயாளிங்க ரிப்போர்ட்ட சர்வருக்கு அனுப்புத வரி. கடைசில ஒரு 'கே' இருக்குல்லா, அது இருந்தா எதிர்ல நெசமாவே நம்ம சர்வர்தானான்னு சரிபாக்காது. சீனியர் டெஸ்டிங்குக்குப் போட்டத அப்படியே விட்டுட்டாரு."

"அத பைத்தான் மொழிக்கு மாத்தத்தான ஒனக்கு வேல? இருக்கபடி மாத்திக் குடு."

"தானா மாத்தித் தர்ற வெப்சைட்டும் இருக்கபடியேதான் மாத்திருக்கு. நான் 'சரிபாக்காத'ங்குத அந்த எடத்த மட்டும் எடுத்துட்டேன். இப்ப ஓட மாட்டேங்கு. நம்ம சர்வர்தான்னு காட்டுத சர்டிஃபிகேட் காலாவதி ஆயிட்டு, அதப் புதுப்பிக்கணும்."

"அரே, இன்னைக்குக் குடுக்கணும்லா? திருப்பிப் போட்டுரு. வேலய வச்சு வெளையாடாத."

"போட மாட்டேன்."

குர்லாவில் லேப்டாப்காரிக்குப் போன் வந்தது. தணிந்த குரலில் இந்தியில் பேசினாள். நடுவில் இரண்டு முறை "நஹி சார்" என்றது மட்டும் என் காதில் விழுந்தது.

"சீனியரா? என்ன சொன்னாரு?"

"கேயப் போட்டே அனுப்புன்னாரு. சரி சார், ஆனா கோட் மேல எழுதுனவங்க பேருன்னு ஒங்க பேரப் போட்டுக்கிடுதேன்னேன்."

"அய்யய்யோ! அதுக்கு?"

"சர்டிஃபிகேட்ட இப்பவே புதுப்பிக்கச் சொல்லுதாராம்."