பாலுக்கு முன்னால்

என் கையெழுத்து அழகாக இருக்கும். உங்கள் மேசையில் கிடக்கும் தாள்களையே பாருங்கள் ஐயா, ஓர் அடித்தல் திருத்தல் இருக்காது. டாக்டர்களின் கிறுக்கலைப் படித்தே பாதிப் பார்வை போன நர்ஸ் நான். அதனால் எழுதுவதையாவது ஒழுங்காக எழுதுவேன். பொய்யும் எழுதியதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போகப் போக உங்களுக்கு மறந்துவிடும்.

கர்ப்பத்தில் தாய்க்கு வலிமாத்திரைப் பழக்கம் இருந்தால் குழந்தையும் அதற்குப் பழகிவிடும். பிறந்ததும் மருந்து நின்றுவிடும்; உடம்பு நடுங்கும், ஓயாமல் அழும், தும்மும். மூன்று மணி நேரத்துக்கொரு தடவை தவிப்பு எவ்வளவு என்று பார்த்து மார்க் போடுவோம். எட்டைத் தாண்டினால் மார்ஃபின் என்ற அபின் வகை மருந்தைச் சொட்டாக வாயில் விடுவோம். மார்க் இறங்க இறங்கச் சொட்டையும் குறைத்து வீட்டுக்கு அனுப்புவோம். அப்படி வந்த ஒரு பையனுக்கு நான் வைத்த பெயர் தும்மல்காரர்; அவர் பிறந்தது தொற்றுக்காலத்தில். எந்தத் தாய்க்கும் உள்ளே வர அனுமதி இல்லை.

எனக்கும் என் வீட்டுக்குள் அனுமதி இல்லை. "உடம்பப் பாத்துக்கோ, அவசரப்பட்டு வந்துடாத" என்று என் கணவர் ஜன்னல் வழியாக மிகுந்த அக்கறையோடு சொன்னார். நாலு மாதம் விடுதி அறையில் கிடந்தேன். ஒரு மனிதரும் என்னைத் தொடவில்லை. தும்மல்காரர் மட்டும் என் விரலைப் பிடித்துக்கொண்டார். ஐம்பத்திரண்டு வயதில், கையுறைக்கு மேல் பிடித்த ஒரு பிடிக்கு நான் சொக்கிப்போனேன். நீங்கள் சிரிக்கலாம், நானே சிரித்திருக்கிறேன்.

பன்னிரண்டாம் நாள் அவருக்கு மார்க் மூன்று. இன்னும் இரண்டு நாளில் கிளம்பிவிடுவார்.

மார்க் போட ஒரு முறை உண்டு. பால் கொடுத்து, துணியில் சுற்றி, தூக்கி அமைதிப்படுத்திய பிறகே பார்க்க வேண்டும். பசித்த குழந்தை எதுவானாலும் அழும், கையைச் சப்பும். அது பசியா, மருந்துக்கான தவிப்பா என்று தாளுக்குத் தெரியாது. அன்றிலிருந்து நான் பாலுக்கு முன்னால் பார்த்தேன். துணியை அவிழ்த்துவிட்டு, கொஞ்சம் காத்திருந்து. பத்து வந்தது. பத்து என்றே எழுதினேன். என் ஷிப்டில் இரண்டு தடவை ஏறினால் போதும், சொட்டைக் குறைக்க மாட்டார்கள்.

தாய் தினமும் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிற்பாள். வயிற்றில் பிள்ளை என்று தெரிந்த அன்றே மாத்திரையை விட்டுவிட்டுச் சிகிச்சைக்குப் போனவள்; அங்கே கொடுத்த மாற்று மருந்தும் அதே வகை என்பதால்தான் பிள்ளைக்கு இந்தத் தவிப்பு. "இன்னிக்கு எவ்ளோ சிஸ்டர்?" என்பாள். பரீட்சை முடிவு கேட்பவளைப் போல நகத்தைக் கடிப்பாள்.

முப்பதாம் நாள் பெரிய டாக்டர் இரக்கப்பட்டு அரை மணி நேரம் உள்ளே விட்டார். கவச உடைக்குள் வியர்த்தபடி அவள் பிள்ளையை மார்போடு அணைத்தாள். தும்மல்காரர் ஒரு தடவை தும்மிவிட்டுத் தூங்கிப்போனார். என்னிடம் அப்படி ஒருநாளும் தூங்கியதில்லை. எனக்கு வயிறு எரிந்தது. மார்க் இரண்டு. அதை நான் எழுதவில்லை. எழுதாதது எப்படிப் பொய்யாகும்?

மறுநாள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று சொன்னேன். "நீ வந்துட்டுப் போனதும் பதினொண்ணு ஆயிடுச்சும்மா. ஒன் வாசனை அவனுக்கு அந்த மருந்த ஞாபகப்படுத்துது போல."

"அப்ப நான் வராம இருந்தா சரியாயிடுமா சிஸ்டர்?"

"தெரியலம்மா. பாப்போம்."

அதன் பிறகு அவள் வரவில்லை. ஒரு வாரம் கழித்துப் பிள்ளையை அரசாங்கத்திடம் ஒப்படைப்பதாகக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாள். எங்கே என்று உங்களுக்கும் தெரியவில்லை என்கிறீர்கள்.

பிறகு எனக்கே தொற்று வந்து படுத்தேன். என் இடத்துக்கு வந்த நர்ஸ் முதலில் பால் கொடுத்தாள். மூன்று, இரண்டு, மறுபடி இரண்டு. அவ்வளவுதான், என் சாமர்த்தியம் சந்தி சிரித்தது.

எழுதிக்கொள்ளுங்கள். இருபத்தேழு நாள், தேவையே இல்லாத மார்ஃபினை ஒரு பச்சைக் குழந்தையின் வாயில் நான் விட்டேன், அவன் என் கையில் இருக்க வேண்டும் என்பதற்காக. அவன் தாயையும் நானே துரத்தினேன். எல்லாம் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனாலும் ஒன்று கேட்கிறேன் ஐயா. யாரோ ஒரு நர்ஸ் சொன்னதை நம்பி அவள் அப்படியே போய்விட்டாளே. பெற்றவள் என்றால் என்னோடு ஒரு சண்டையாவது போட்டிருக்க வேண்டாமா?