எட்டு புள்ளி ஒண்ணு

இல்ல டாக்டரம்மா, ஒண்ணும் விட்டுப் போகல. வேணும்னா முதல்லேருந்து சொல்றேன், எழுதிக்குங்க. எந்திரிச்சதும் ஊற வச்ச பாதாம் ஆறு, அக்ரூட் ரெண்டு. அப்புறம் சியா விதை ஒரு ஸ்பூன், தண்ணியில. பத்து மணிக்கு மாதுளம்பழம் ஒண்ணு. மத்தியானம் கீரை, தினமும் கீரை, அதோட பீட்ரூட்டு. கீரை மேல எலுமிச்சம்பழம் பிழியணும், அப்பத்தான் அதுல இருக்குற இரும்புச் சத்து உடம்புல ஒட்டும். சாப்பிட்ட கையோட டீ குடிக்கக் கூடாது, ஒரு மணி நேரம் போகணும். சாயங்காலம் பேரீச்சம்பழம் மூணு, அத்திப்பழம் ரெண்டு, பூசணி விதை ஒரு கை. ஆளி விதையை மட்டும் பொடி பண்ணித்தான் போட்டுக்கணும். முழுசா முழுங்கினா வந்த மாதிரியே போயிடும்.

சிரிக்காதீங்க. நான் எட்டாங்கிளாஸ் தாண்டாதவ. ஆனா இதுல பரீட்சை வச்சா நூத்துக்கு நூறு வாங்கிடுவேன். என் மூத்த பொண்ணு ஒரு ஸ்கூலுக்குத் தலைமை டீச்சர். என்னையும் ஒரு பிள்ளையாச் சேர்த்துக்கிட்டா. டைம் டேபிள் போட்டு அனுப்பி, ஃபிரிட்ஜ்ல ஒட்டும்மான்னு ஒரே அதட்டல். நடுவுல உள்ளவன் இன்சூரன்ஸ் ஆபீஸ்ல இருக்கான், அவன்தான் பார்சல் அனுப்புறவன். மாசாமாசம் ஒரு பெட்டி. முதல் தடவை அந்த சியா விதை வந்தப்ப எனக்கு என்ன தெரியும்? கைக்கு அடங்குற அளவுதானேன்னு அப்படியே தண்ணியில கொட்டிட்டேன். திரும்பி வந்து பாக்குறேன், சட்டி நிறைய தவளை முட்டை! ஐயோ கடவுளேன்னு மூடி வச்சுட்டேன். சின்னவன்கிட்டச் சொன்னா போன்ல விழுந்து விழுந்து சிரிக்குறான். அவன் ஒரு பெரிய ஓட்டல்ல சமையல்காரன். ஆமா, மூணு பேரும் மூணு ஊரு. அவங்க அப்பா போயி ஆறு வருஷம் ஆச்சு. வீட்டுல நான் மட்டும்தான்.

என்ன சொன்னீங்க? ரத்த அளவு எட்டு புள்ளி ஒண்ணா?

போன தடவை பன்னிரண்டு இருந்துச்சு, ஆமா. ஃபைல்ல இருக்கும். நீங்க அப்ப இல்ல, வேற அம்மா இருந்தாங்க, என் தோள்ல தட்டிக் குடுத்தாங்க.

அதுக்கு முந்தி ஒரு தடவை இதே மாதிரி எட்டு சொச்சத்துக்கு வந்திருக்கும்மா. பஸ் ஸ்டாப்புல கண்ணு இருட்டிக்கிட்டு வந்து அப்படியே உக்காந்துட்டேன். யாரோ ஒரு பிள்ளை என் போனை எடுத்து மூத்தவளுக்குப் பேசிடுச்சு. அன்னைக்கு ஆரம்பிச்சதுதான் இந்தச் சாப்பாட்டுக் கதையெல்லாம். மூத்தவ காலையில ஆறு மணிக்குப் போன் அடிப்பா, பாதாம் உரிச்சியாம்பா. நடுவுல உள்ளவன் மத்தியானம் அவன் சாப்பாட்டு நேரத்துல. சின்னவன் சாயங்காலம், வேலைக்குக் கிளம்புறதுக்கு முன்னால. முறை போட்டுக்கிட்டாங்க. போன் வரப்போகுதுன்னு கையைத் துடைச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். கீரையைப் பத்திப் பேச ஆரம்பிச்சு எங்கெங்கயோ போகும். சின்னவன் இருக்கானே, தட்டைப் படம் பிடிச்சு அனுப்பச் சொல்லுவான். பாத்துட்டு, அம்மா கீரையை இப்படியா வேக வைப்ப, சுவத்துக்குப் பூசவாம்பான். அப்படி ஒரு வாய்! நானும் விடமாட்டேன், பத்து மாசம் சுமந்தவளுக்கே பாடம் எடுக்குறியாடான்னு கேப்பேன். பொழுது போறதே தெரியாது.

அப்புறம் ஏறுச்சும்மா. ஒன்பது, பத்து, பதினொண்ணு. சத்துள்ள பொருள் பொய் சொல்லாது, உள்ள போனா வேலை செஞ்சுடும். பன்னிரண்டு வந்த அன்னைக்கு மூணு பேரும் போன்ல கை தட்டுற பொம்மை போட்டாங்க. வரிசையா, பொம்மை பொம்மையா. நானும் நல்லபடியா ஆச்சேன்னு சாமிக்கு விளக்கு ஏத்திட்டு போன் பக்கத்துலயே இருந்தேன். யாரும் அடிக்கல. பொம்மைதான் வந்துடுச்சே.

தப்பு சொல்லலம்மா. எழுதிடாதீங்க அதை. தங்கமான பிள்ளைங்க. அம்மாவுக்கு நல்லாயிடுச்சு, இனிமே தட்டு படம் மட்டும் போதும்னு ஆயிடுச்சு, அவ்வளவுதான். அதுங்களுக்கும் வேலை, வீடு, பிள்ளை குட்டின்னு தலைக்கு மேல கிடக்கு. தினமும் படம் அனுப்புவேன், மூணு கட்டைவிரல் வரும். ஒரு நாள் கண்ணாடி போடாம அவசரத்துல முந்தின நாள் படத்தையே அனுப்பிட்டேன். கவனிச்சதும் வெக்கமாப் போச்சு, திட்டப் போறாங்கன்னு உக்காந்திருந்தேன். சின்னவன் கட்டாயம் கண்டுபிடிச்சுடுவான், அவன் கண்ணு சமையல்காரன் கண்ணு. அதே தட்டு, அதே கீரை, ஓரத்துல அதே எலுமிச்சம்பழம்.

மூணு கட்டைவிரல் வந்துச்சு.

மறுநாளும் அதையே அனுப்பினேன். அது தெரிஞ்சேதான் செஞ்சேன். வந்துச்சு.

என்னம்மா எழுதுறீங்க? குழாயா? வயித்துக்குள்ளயா? எதுக்கும்மா, எனக்கு உள்ள ரத்தமெல்லாம் ஒண்ணும் போகல. இவ்வளவு சாப்பிட்டும் இறங்குதுன்னா எங்கயோ கசியுதுன்னு நீங்க நினைக்குறது நியாயம்தான். வேண்டாம்மா. அந்தச் சீட்டைக் கொஞ்சம் கீழ வைங்க. ஸ்கேனும் வேண்டாம். காலையில சாமி முன்னால நின்னு கும்பிட்டுட்டு வந்திருக்கேன், இதுக்கு மேல என்னால மறைக்க முடியல.

எங்க மாடியில ஒரு தையல்காரப் பொண்ணு இருக்கே, நிறைமாசம், இங்கதான் காட்டுது. போன வாரம் கூட அதுக்குப் பன்னிரண்டரை இருக்கு, எல்லாரும் இதைப் பாத்துச் சாப்பிடக் கத்துக்கணும்னு வராண்டாவுல நாலு பேரு முன்னால சொன்னீங்களாமே. அது என் தட்டும்மா. படம் பிடிச்சதும் மேல கொண்டு போய்க் குடுத்துடுவேன். பார்சல் பெட்டியும் அங்கதான் இருக்கு. பிள்ளைத்தாய்ச்சி சாப்பிடுது, ஒண்ணும் வீணாகல, அந்த மட்டும் நிம்மதி.

நானா? டீயும் ரொட்டியும்தான். ஆமா, சாப்பிட்ட கையோட டீ. மூணு மாசமா அப்படித்தான். தெரியும்மா, ஒட்டாதுன்னு தெரியும், நான்தானே இப்ப சொன்னேன்.

இல்லல்ல, சாகணும்னெல்லாம் இல்ல, சிவ சிவா, அப்படி ஒரு நினைப்பு வந்தா பாவம். சாமிகிட்ட எல்லாருக்கும் வேண்டிக்குவேன். பேரப்பிள்ளை பல்லு முளைக்குறதுக்குக் கூட வேண்டியிருக்கேன். இந்த ரத்தத்தைப் பத்தி மட்டும் மூணு மாசமா வாயே திறக்கல. ஏத்துன்னும் கேக்கல, இறக்குன்னும் கேக்கல. எந்த முகத்தோட கேக்குறது?

அழலம்மா. இந்த ரூம்ல ஃபேன் காத்து நேரா அடிக்குது, அதான்.

இல்ல, மாத்தி எழுத வேண்டாம். உங்களை அப்படிக் கேப்பேனா, உங்க வேலைக்கு ஒண்ணு ஆயிடக் கூடாது. எட்டு புள்ளி ஒண்ணுன்னா எட்டு புள்ளி ஒண்ணுதான். ஒரே ஒரு உதவி. இன்னைக்கு மூத்தவளுக்குப் போன் போட்டுச் சொல்லிடாதீங்க. பஸ் ஸ்டாப்புல நான் விழுந்த சமயத்துல சின்னவன் ஒரு வார்த்தை சொன்னான். எட்டுக்குக் கீழ போச்சுன்னா ஓட்டலுக்கு லீவு போட்டுட்டு வந்து நானே உனக்குச் சமைச்சுப் போடுவேம்மான்னு. சும்மா சொல்ல மாட்டான், சொன்னா வந்துடுவான். அடுப்படியைக் கூட ஒழிச்சு வச்சிருக்கேன். ஏம்மா, இன்னும் ஒரு வாரம் கழிச்சு வந்து டெஸ்டுக்கு ரத்தம் குடுத்தா ஏழு சொச்சம் வந்துடும்ல?