எண்பத்தேழாம் படியின் ஓரம்

கம்பி பிரஷ் வாங்கும்போது பிடி மரத்தில் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும், ஐயா. பிளாஸ்டிக் பிடி ஈரத்தில் கைக்குள் சுற்றும். மரப்பிடி பத்து நாளில் கையைப் பழகிக்கொள்ளும். இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், நீங்கள் விசாரித்து எழுதிக் கொண்டுவந்த காகிதத்தில் இரண்டாவது பத்தியில் 'தரமற்ற கருவிகள்' என்று இருக்கிறது. என் கருவிகளில் ஒரு குறையும் கிடையாது. அதை எடுத்துவிடுங்கள். அதற்கு அடுத்த வரியில் இன்னொரு வார்த்தை இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நீங்கள் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால் நேற்றே எல்லாம் முடிந்திருக்கும். நான் படித்துப் பார்க்கிறேன் என்றேன். நீங்கள் சிரித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தீர்கள். நாற்பத்தொன்பது வயதில் எழுத்துக் கற்றவன் மெதுவாகத்தான் படிப்பான். நான் ஒரு பக்கம் முடிப்பதற்குள் நீங்கள் இரண்டு டீ குடித்தீர்கள். ஐந்து வருடம் முன்னால் வந்திருந்தால் கட்டைவிரலை உருட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன்.

எனக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தது டிக்கெட் கவுண்டர் அம்மா. மழை நாளில் கூட்டம் வராது, அவருக்கும் பொழுது போகவேண்டும். பாடப்புத்தகம் எதுவும் இல்லை. அருவிப் பாதையில் நட்டிருக்கும் போர்டுகள்தான் பாடம். 'எச்சரிக்கை' படித்தேன், 'ஆழமான பகுதி' படித்தேன், 'மீறினால் நிர்வாகம் பொறுப்பல்ல' படித்தேன். என் பெயரை எழுதக் கற்றது அதற்கெல்லாம் பிறகுதான். இந்த எழுத்தில் அன்பு கொஞ்சம் கம்மியாகத் தெரிந்தால் பாடத்தைக் குறை சொல்லுங்கள், என்னைச் சொல்லாதீர்கள்.

என் வேலை உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் காகிதத்தில் தப்பாக இருப்பதால் சொல்கிறேன். பஸ் நிற்கும் இடத்திலிருந்து அருவி விழும் குளம் வரை இருநூற்றுப் பன்னிரண்டு படி. பாறையில் வெட்டிய படிகள். சாரல் எப்போதும் அடித்துக்கொண்டே இருப்பதால் இரண்டு நாள் விட்டால் பாசி பிடித்துவிடும். ஒருநாள் மேல்பாதி, மறுநாள் கீழ்பாதி என்று தேய்க்கவேண்டும். பிளீச்சிங் பவுடர் போட்டு, ஊறவிட்டு, தேய்த்து, கழுவி, மேலிருந்து கீழே இறங்க வேண்டும். கீழிருந்து ஆரம்பித்தால் மேல் அழுக்கு தேய்த்த படியில் வந்து உட்காரும். பத்தரை மணிக்கு நகரத்திலிருந்து ஒருநாள் சுற்றுலா பஸ் வரும். அதற்குள் முடித்துவிடுவேன். பத்தொன்பது வருடத்தில் ஒருநாள்கூட முடிக்காமல் விட்டதில்லை. என் தங்கைக்குக் கல்யாணம் நடந்த அன்று காலையிலும் தேய்த்துவிட்டுத்தான் போனேன். போட்டோவில் கை மட்டும் வெள்ளையாக இருக்கும்.

இப்போது அந்த பஸ்ஸோடு வரும் கைடைப் பற்றி.

நல்ல மனுஷன். அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். என்னை 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவான். பஸ்ஸில் சாப்பாட்டுப் பொட்டலம் மிஞ்சினால் எனக்கு எடுத்து வைப்பான். நான் எழுத்துக் கற்கிறேன் என்று தெரிந்ததும், கண்ணைச் சுருக்கிக்கொண்டு படிப்பதைப் பார்த்துவிட்டு, நகரத்திலிருந்து ஒரு கண்ணாடி வாங்கிவந்து கொடுத்தான். இதை எழுதும்போதும் அது என் மூக்கின் மேல்தான் இருக்கிறது. நல்ல கண்ணாடி. ஒரு காது மட்டும் கொஞ்சம் வலிக்கும்.

அவன் படி இறங்குவது பின்பக்கமாக. முகம் கூட்டத்தைப் பார்த்திருக்கும், முதுகு அருவியைப் பார்த்திருக்கும். இடுப்பில் ஒரு சின்ன ஒலிபெருக்கி, வாயருகே மைக். பேசிக்கொண்டே மனதுக்குள் படியை எண்ணிக்கொண்டு வருவான். எண்பத்தேழாவது படியில் நிற்பான். அங்கே படிக்கு வெளியே ஒரு பாறை கட்டில் அகலத்துக்கு நீட்டிக்கொண்டிருக்கும். குறுக்கே ஒரு சங்கிலி போட்டிருக்கிறோம். சங்கிலிக்கு அந்தப் பக்கம் போகக்கூடாது என்று போர்டு இருக்கிறது, நான் படித்த ஏழாவது போர்டு அது. கைடு மட்டும் அதைத் தாண்டி அந்தப் பாறையில் ஏறி நிற்பான். பின்னால் அருவி, முன்னால் நாற்பது பேர். மேடை மாதிரி.

அந்த நேரத்தில் நான் பக்கத்தில் எங்கேயாவது வாளியோடு உட்கார்ந்திருப்பேன். என்னைக் கைகாட்டிச் சொல்வான்.

"இவரை நல்லா பார்த்துக்கங்க. மலைக்குப் பல்லு விளக்கிவிடற ஒரே மனுஷன் உலகத்துலயே இவருதான். பத்தொன்பது வருஷமா தேய்க்கறாரு. பாறை தேயல, இவருதான் தேஞ்சு போயிட்டாரு."

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். முதல் தடவை கேட்டபோது எனக்கே நன்றாக இருந்தது, வீட்டில் போய்ச் சொன்னேன். வருஷம் மட்டும் அவன் சரியாக மாற்றிக்கொண்டே வருவான். பதினொன்று என்று ஆரம்பித்தது பத்தொன்பது வரை வந்துவிட்டது.

ஜோக்கைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. அதற்கு அடுத்தபடி அவன் செய்தது வேறு. மக்கள் சிரித்து முடிக்கும்போது, அந்தப் பாறையின் ஓரத்தில் நின்றுகொண்டு வழுக்குகிற மாதிரி நடிப்பான். ஒரு காலைச் சர்ரென்று இழுத்து, இரண்டு கையையும் காற்றில் சுழற்றி, "ஐயோ" என்பான். பெண்கள் கத்துவார்கள். உடனே நிமிர்ந்து நின்று, "பயந்துட்டீங்களா? அண்ணன் தேய்ச்ச இடம்ங்க, கொஞ்சம் பயப்படத்தான் வேணும்" என்பான். கைதட்டல்.

ஐயா, நீங்கள் வீட்டில் சாப்பிட உட்காருகிறீர்கள். உங்கள் மனைவி சமைத்த சாப்பாடு. முதல் வாய் வைத்ததும் தொண்டையைப் பிடித்துக்கொண்டு விஷம் தின்ற மாதிரி விழுந்து காட்டுகிறீர்கள். விருந்தாளிகள் சிரிக்கிறார்கள். ஒருநாள் செய்யலாம். எட்டு வருடம், வாரத்துக்கு ஆறு நாள் செய்தால் அந்த அம்மாவுக்கு எப்படி இருக்கும்? நான் தேய்த்த இடம் வழுக்காது. வழுக்குகிற மாதிரி நடிக்கத்தான் முடியும். அது அவனுக்கும் தெரியும். தெரிந்ததனால்தான் அவ்வளவு தைரியமாகக் காலை விட்டான்.

ஒருநாள் சொல்லியும் பார்த்தேன்.

"தம்பி, அந்த வழுக்கறதை மட்டும் விட்டுடேன்."

"அண்ணே, டூர்லயே ஜனங்க காசு குடுத்ததுக்கு சந்தோஷப்படற இடம் அது ஒண்ணுதான். அருவியை யாரு பார்க்கறா?"

அவன் சொன்னதும் நியாயம்தான். நான் வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

என் மகள் நகரத்தில் ஓர் ஆபீசில் போனில் பதில் சொல்லும் வேலை பார்க்கிறாள். அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டால் 'சுற்றுலாத் துறையில் இருக்கிறார்' என்று சொல்லி வைத்திருக்கிறாள். பொய் இல்லை. ஒரு சனிக்கிழமை அவள் ஆபீஸ் ஆட்கள் முப்பது பேர் அந்த பஸ்ஸில் வந்தார்கள். அவளும் வந்தாள். வருவதாக எனக்குச் சொல்லவில்லை, கடைசி நேரத்தில் முடிவாகியிருக்கும். கைடு ஜோக் சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். கூட்டத்தோடு இருக்கிறவள் சிரிக்காமல் எப்படி இருப்பாள். பிறகு அவள் சிநேகிதி ஒருத்தி, "ஏய், அந்தப் பல்லு விளக்கித் தாத்தாகூட ஒரு போட்டோ எடுடி" என்றாள். மூன்று பெண்கள் என் பக்கத்தில் வந்து நின்றார்கள். போட்டோ எடுத்தது என் மகள். கை ஆடாமல் எடுப்பாள், சின்ன வயதிலிருந்தே அப்படி.

"கொஞ்சம் சிரிங்க, ஐயா" என்றாள்.

மரியாதையாகத்தான் சொன்னாள். நான் சிரித்தேன். போட்டோ நன்றாக வந்திருக்கும்.

இதற்கும் நடந்ததற்கும் சம்பந்தம் இல்லை. காகிதத்தில் சேர்க்க வேண்டாம். அந்தச் சனிக்கிழமைக்கு மறுநாள் காலையில் எண்பத்தேழாம் படியின் ஓரத்துப் பாறையை நான் தேய்க்கவில்லை என்பது மட்டும் உண்மை.

பாசியைப் பற்றி உங்கள் காகிதத்தில் ஒன்றுமே இல்லை. பச்சையாக முடி மாதிரி வளர்வது ஆளைக் கொல்லாது, பார்த்ததும் விலகிவிடுவார்கள். கறுப்பாக மெல்லிசாகப் படிவது வேறு. காய்ந்த பாறை மாதிரியே இருக்கும். கைவைத்தால்தான் தெரியும், எண்ணெய் தடவிய தோல் மாதிரி. அது வர நிழல் வேண்டும், ஈரம் வேண்டும், யாரும் மிதிக்கக்கூடாது. பாறையின் நடுவில் நின்று கைடு பேசுவதால் அங்கே பிடிக்காது. ஓரத்தில், அவன் காலை இழுத்து நடிக்கிற இடத்தில், இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு விட்டேன். பச்சை முளைத்தால் கிள்ளி எடுத்தேன். கறுப்பை வளரவிட்டேன். நடுவில் நான்கு நாள் வெயில் அடித்துச் சாரல் அந்தப் பக்கம் வரவில்லை. என் குடிதண்ணீரில் பாதியை அதற்கு ஊற்றினேன். சிலர் வீட்டில் ரோஜாச் செடி வைத்துக்கொண்டு அதைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார்கள். ஏன் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

வேறு யாருக்கும் ஒரு கீறல்கூட வரவில்லை. கூட்டம் எண்பத்தேழாம் படிக்கு வரும்போது நானே சங்கிலி பக்கத்தில் நின்றுகொண்டு, "அம்மா, இந்தப் பக்கமா வாங்க, குழந்தையைப் பிடிச்சுக்கங்க" என்று ஒவ்வொருவராகக் கைபிடித்து இறக்கிவிட்டேன். ஒரு பாட்டி என் தலையில் கைவைத்து வாழ்த்தினார். டிக்கெட் அம்மாகூட, "என்ன, திடீர்னு ரொம்பப் பொறுப்பா மாறிட்டீங்க" என்றார்.

இருபத்தோராம் நாள் கைடு சங்கிலியைத் தாண்டும்போது என்னைப் பார்த்தான்.

"அண்ணே, ஓரத்துல லேசா மினுக்குதே. வழுக்குமா?"

"நான் இருக்கறப்ப என்ன தம்பி" என்றேன்.

பொய் சொல்லவில்லை. கேள்விக்குப் பதில் சொல்லவில்லை, அவ்வளவுதான். அன்று அவன் காலை உள்ளே தள்ளித்தான் வைத்தான். அடுத்த நாளும் அப்படித்தான். அதற்கு அடுத்த நாளிலிருந்து பழைய இடத்துக்கே வந்துவிட்டான். என்மேல் அவ்வளவு நம்பிக்கை.

இருபத்தாறாம் நாள், வியாழக்கிழமை. முப்பத்தெட்டுப் பேர். "பாறை தேயல, இவருதான் தேஞ்சு போயிட்டாரு." சிரிப்பு. காலை இழுத்தான், கையைச் சுழற்றினான், "ஐயோ" என்றான். எல்லாம் தினமும் செய்வதுதான். ஒரே வித்தியாசம், முடிவில் பாறையில் அவன் இல்லை. மக்கள் கைதட்டினார்கள். ரொம்ப நேரம் தட்டினார்கள். திரும்ப எங்கிருந்து வரப்போகிறான் என்று போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒருவர், "இது டிக்கெட்லயே சேர்த்தியா?" என்று என்னிடம் கேட்டார்.

முதலில் கீழே இறங்கினது நான்தான். நூற்று இருபத்தைந்து படி, ஓடியே இறங்கினேன். ஒரு படிகூட வழுக்கவில்லை. குளத்திலிருந்து அவனை வெளியே இழுத்ததும் நான்தான். இடுப்பு ஒலிபெருக்கி மட்டும் தண்ணீரைக் கொப்பளித்துக்கொண்டிருந்தது. மறுநாள் அவன் மனைவி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களைப் பத்தி தினம் பேசுவாருண்ணே" என்றாள். என்ன பேசியிருப்பான் என்று எனக்குத் தெரியும்.

பிறகு நீங்கள் வந்தீர்கள். பாறையைத் தடவிப் பார்த்தீர்கள், டேப்பால் அளந்தீர்கள், இரண்டு பக்கம் எழுதினீர்கள். இரண்டாவது பத்தி, அடுத்த வரி: 'துப்புரவுத் தொழிலாளியின் கவனக்குறைவு.' கையெழுத்துப் போட்டால் ஓர் எச்சரிக்கைக் கடிதம், வேலை அப்படியே இருக்கும் என்றீர்கள். நல்ல மனதோடுதான் சொன்னீர்கள்.

நேற்று சாயங்காலம் மகள் வந்தாள். யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"அப்பா, கையெழுத்துப் போட்டுட்டு வேலையைப் பாருங்க."

"என்ன எழுதியிருக்குன்னு தெரியுமா?"

"கவனக்குறைவுன்னுதானே. இருந்துட்டுப் போகட்டும். வயசாச்சு, ஒரு இடம் விட்டுப்போச்சு. யாரும் பெருசா எடுத்துக்க மாட்டாங்கப்பா."

அப்பா என்றுதான் கூப்பிட்டாள். கேட்க நன்றாக இருந்தது. அவளுக்கு டீ போட்டுக் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டு வந்து, இதை எழுத உட்கார்ந்தேன்.

வயசாச்சு, ஒரு இடம் விட்டுப்போச்சு. அப்படியில்லை, ஐயா. இருபத்தாறு நாள் ஒருநாள் தவறாமல் அந்த இடத்தைக் கவனித்திருக்கிறேன். பச்சையை எடுத்தது கவனம். தண்ணீர் ஊற்றினது கவனம். அவன் கால் எங்கே வரும், எத்தனை விரல்கடை தள்ளி வரும் என்று பார்த்து வைத்தது கவனம். முப்பத்தெட்டுப் பேரில் ஒருவரையும் விடாமல் கைபிடித்து இறக்கிவிட்டுத்தான் அவனை விழவைத்தேன். இதைக் கவனக்குறைவு என்று எழுதினால் வேலை தெரிந்தவன் எவனும் சிரிப்பான். நான் அவனைக் கொன்றேன் என்று எழுதுங்கள். அந்தக் காகிதத்தைக் கொண்டுவாருங்கள், இந்தத் தடவை படிக்காமலே கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரு விஷயம். நீங்கள் அளந்துவிட்டுப் போனபின் அந்த ஓரத்தைத் தேய்த்துவிட்டேன். சாட்சியை அழித்தேன் என்று நினைக்க வேண்டாம். பார்க்கச் சகிக்கவில்லை, அதனால்தான்.

கீழே நானாக ஒரு வரி சேர்க்கிறேன். அழகாகத் திருப்பி எழுதிக்கொள்ளுங்கள், ஆனால் விட்டுவிடாதீர்கள், என் மகளும் படிப்பாள்: பத்தொன்பது வருடத்தில் நான் தேய்த்த இடத்தில் ஒருவர்கூட வழுக்கி விழுந்தது கிடையாது.