ஆறா, ஒன்பதா?

அவையை நடத்தும் எங்கள் பணிமனைத் தலைவர் அவர்களே! பந்து எல்லை தாண்டினாலும் பார்வை எல்லை தாண்டாத பெரியோர்களே! எங்கள் சேற்றுச் சட்டைகளைத் துவைத்துத் துவைத்துச் சலித்துப்போன தாய்மார்களே! நாற்காலி கிடைக்காமல் கேன்டீன் சன்னலில் தொற்றி நிற்கும் தோழர்களே! மேடையின் ஓரத்தில் தலை கவிழ்ந்து தீர்ப்புக்குக் காத்திருக்கும் எங்கள் பயிற்சியாளரே! எல்லோரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

நான் ஏன் இந்த மேடையில் குறுக்கும் நெடுக்குமாக நடக்கிறேன்? கண்டக்டருக்கு ஓரிடத்தில் நிற்கத் தெரியாது என்பதாலா? இல்லை. நம் பணிமனைக் கால்பந்து அணி இறுதிப் போட்டியில் தோற்ற நாள் முதல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை! நின்றால் உட்காரத் தோன்றுகிறது, உட்கார்ந்தால் எழத் தோன்றுகிறது. நேற்று வண்டியில், இறங்க வந்தவரை உள்ளே தள்ளிவிட்டு, ஏற வந்தவரை இறக்கிவிட்டேன்.

என்ன மெக்கானிக் அண்ணே? "நடக்காதப்பா, தலை சுத்துது"ங்கிறீங்களா? எனக்கு உங்களைவிட அதிகமா சுத்துதுண்ணே!

இன்று நீங்கள் கை தூக்கப் போகிறீர்கள். பயிற்சியாளர் இருப்பதா, போவதா? அவர்மீது சுமத்திய குற்றம் என்ன? ஆட்டம் சமநிலையில் கொதித்துக்கொண்டிருந்தபோது, ஒன்பதாம் எண் சட்டை போட்ட என்னை வெளியே இழுத்தார். ஓட முடியாமல் தள்ளாடிய ஆறாம் எண்காரரை உள்ளே விட்டுவைத்தார். அந்த ஆறாம் எண் யார்? அவருடைய மனைவியின் தம்பி! "மச்சானுக்கு மாலை, மற்றவனுக்கு மூலை" என்று டீக்கடையில் பாட்டே கட்டிவிட்டீர்களே!

அவரா அப்படிச் செய்பவர்? அரையிறுதியை மறந்தீர்களா? நம் இடப்பக்க ஆட்டக்காரர் புயலாய்ப் பாய்ந்துகொண்டிருந்தார். திடீரென்று பயிற்சியாளர் அவரை வெளியே அழைத்தார். "பைத்தியமாய்யா உனக்கு?" என்று கத்தினீர்கள். நானும் கேட்டேன். "பந்து வந்தா முதல்ல தன் காலைப் பாக்குறான், அப்புறம்தான் பந்தைப் பாக்குறான். வலியை மறைக்கிறான்" என்றார். காலணியைக் கழற்றினால் கணுக்கால் வீங்கிக் கிடந்தது. மாற்றாக உள்ளே போனவர்தான் வெற்றிக் கோலை அடித்தார். அன்று பயிற்சியாளரைத் தோளில் தூக்கியவர்கள் யார்? நீங்கள்தானே!

அந்தக் கண்களா தன் மச்சானின் களைப்பைக் காணாமல் விட்டிருக்கும்?

இப்போது கேளுங்கள். பழைய பேருந்துத் தகட்டில் எண் எழுதித்தான் ஆளை மாற்றுகிறோம். இதோ, பொருளறையிலிருந்து கொண்டுவந்திருக்கிறேன். இது ஆறு. திருப்புகிறேன். இது?

உரக்கச் சொல்லுங்கள்! ஒன்பது!

என்னை வெளியே அழைத்தது பயிற்சியாளர் அல்ல, தலைகீழாய்த் தூக்கிய இந்தத் தகடு! எண்ணைப் பார்த்தேன், வெளியே வந்தேன், கோபத்தில் தண்ணீர்ப் புட்டியை உதைத்தேன். மாற்று ஆள் உள்ளே போய்விட்டார். அதுவே கடைசி மாற்று. வெளியே வந்தவன் திரும்பப் போக விதியில்லை. பெஞ்சில் என் பக்கத்தில் பயிற்சியாளர் முனகினார்: "ஆறுன்னுதானேடா சொன்னேன்..." மறுகணமே எழுந்து கத்தினார். மச்சானைக் கோல் பக்கம் ஒதுக்கினார், நடுக்களத்தை இறுக்கினார், இருந்தவர்களை வைத்து இழுத்துப் பிடித்தார். கடைசியில் மச்சானின் கால் பிடித்துக்கொண்டது. விழுந்தார். பந்து அவரைத் தாண்டிப் போனது. தோற்றோம்.

"உண்மையை ஏண்ணே சொல்ல மாட்டேங்கிறீங்க?" என்று பிறகு பயிற்சியாளரைக் கேட்டேன். "தகட்டை யார் தூக்கினது, பாத்தியா? ஆசையா வந்து தூக்கினாரு மனுசன். அவரைப் பாத்து ஊர் சிரிக்கணுமா? வாயைத் திறக்காதே" என்றார்.

தலைவர் அவர்களே, "இன்னைக்கு ஒரு நாள் நான் தூக்குறேம்பா" என்று கேட்டு வாங்கியது யார்?

முறைக்காதீர்கள் பயிற்சியாளரே! சொல்லிவிட்டேன், இனித் திரும்ப விழுங்க முடியாது.

அமைதி, அமைதி! தலைவர் எழுகிறார். ஒலிபெருக்கியை நீட்டுகிறேன். கேட்டீர்களா? "ஐயய்யோ, நானாய்யா? பின்னால நின்னவனுக்கு எண் எங்கய்யா தெரியும்! என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதாய்யா நீ?" என்று பயிற்சியாளரின் கையைப் பிடித்துக்கொள்கிறார்.

தோழர்களே! ஆட்டத்தில் ஆளை மாற்றத் தெரிந்தவர் பலர் உண்டு. பழியில் ஆளை மாற்றி, அதைத் தன் தலையில் போட்டுக்கொண்டவர் எத்தனை பேர்? தம்பிக்காகத் தலைகுனிந்து நடந்த அவர் மனைவி, எங்கள் அக்கா, மூன்றாம் வரிசையில் இருக்கிறார். நிமிர்ந்து உட்காருங்கள் அக்கா! இன்று மாற்ற வேண்டியது மனிதரையா, தகட்டையா? அவர் போகட்டும் என்பவர்கள் கை தூக்குங்கள்!

ஒரு கைகூட இல்லை. மெக்கானிக் அண்ணே, உங்க கை? தலை சொறியிறீங்களா, சரி.

பெயிண்டர் அண்ணே, இன்றே ஆறுக்கு அடியில் ஒரு கோடு போட்டுவிடுங்கள்.

இதோ, மணி அடித்து என்னை வெளியே அழைக்கிறார் தலைவர். கையில் அந்தத் தகட்டையும் தூக்கிவிட்டார். ஒன்பது! இந்த முறை சரியாகத்தான் பிடித்திருக்கிறார். போகிறேன். பொறுமையாய்க் கேட்ட உங்கள் காதுகளுக்கு நன்றி, கீழேயே இருந்த உங்கள் கைகளுக்கு வணக்கம்!