பரணுக்கு அடியில் கட்டிய நூல்

ஒல்லி ஏன் இப்போதெல்லாம் நம் ராத்திரி ஜமாவுக்கு வருவதில்லை என்று கேட்டீர்கள் அல்லவா? சொல்கிறேன். விளக்கு எரியட்டும்... பயந்தாங்கொள்ளிகள் நடுவில் வந்து உட்காருங்கள். பாதியில் என் கையைப் பிடித்து நசுக்கக் கூடாது.

விடிவதற்கு இன்னும் நேரம் இருந்தது. கிடங்குகளுக்குப் பின்னால் போகிற நீளமான சாலை... நாய்கூட இல்லை. அதில் ஒல்லியின் அக்கா செருப்பில்லாமல் நடந்து வந்தாள். கையில் ஒரு பை. உதடு கிழிந்திருந்தது. புருஷன் அடித்தது. முன்பும் அடித்திருக்கிறான். இந்தத் தடவை அவள் திரும்பிப் போவதாக இல்லை.

ஒல்லி வீட்டில் இரண்டே அறை. ஒன்றில் அவன், பெண்டாட்டி, கைக்குழந்தை. இன்னொன்றில் சமையல், சாப்பாடு, தட்டுமுட்டுச் சாமான் எல்லாம். அக்கா அடுப்போரமாகச் சுருண்டு கிடந்தாள். “இடமில்லேன்னா சொல்லிடுடா. அங்கயே போய்ச் சாகுறேன்” என்றாள். ஒல்லி வீட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். படுக்கையறைக்கு மேலே, ஓட்டுக் கூரைக்கு அடியில், ஒரு பரண் இருந்தது. வீட்டை விற்றவர் அதன் வாயைப் பலகை வைத்து ஆணி அறைந்திருந்தார். ஏன் என்று இவன் கேட்டதில்லை. அதை ஓர் அறையாக்கிவிட்டால் அக்கா பிழைத்துக்கொள்வாள்.

ஆசாரியைக் கூட்டி வந்தான். அவர் ஆணியைப் பிடுங்கியதும் குப்பென்று ஈரச் சுண்ணாம்பு வாசனை... மழை பெய்து மாதக்கணக்காகியிருந்தது. உள்ளே நட்ட நடுவில் மட்டும்தான் ஆள் நிமிர்ந்து நிற்கலாம். இரண்டு பக்கமும் கூரை தலையில் இடிக்கும். “படுக்கலாம், நடக்கலாம். பாரம் தாங்குமான்னு மட்டும் பாத்துடுவோம்” என்றார்.

அதற்கு அவரிடம் ஒரு வழி உண்டு. பரண் பலகைகளுக்கு அடியில், அறைக்குள் நின்றால் தெரிகிற மாதிரி, இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு நடுவாக ஒரு நூலை இழுத்துக் கட்டுவார். மேலே மணல் மூட்டைகளை ஏற்றுவார். பாரம் இருக்கிற இடத்தில் பலகை வளைந்து நூலைத் தொடும். மூட்டையை இறக்கியதும் பலகை மேலே போய்விட வேண்டும்.

ஏற்றினார். தொட்டது. மறுநாள் எல்லா மூட்டையையும் இறக்கினார். பலகைகள் மேலே போயின... ஒன்றைத் தவிர. அது பரண் வாய்க்குப் பக்கத்தில், மூட்டையே வைக்காத இடம். அவர் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே வளைவு நகர்ந்தது. கிர்ர்... கிர்ர்... ஒரு பலகை, அடுத்த பலகை. மறுபடி வாய்ப்பக்கம் வந்து நின்றது.

“இடம் இருக்கு தம்பி. ஆனா காலியா இல்ல” என்றார் ஆசாரி. உளியைக்கூட எடுக்காமல் போய்விட்டார்.

ஒல்லி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். அக்கா நூலையே பார்த்தாள்.

“மேல இருக்கறது என்னை அடிக்குமாடா?”

“தெரியலையேக்கா...”

“அவன் அடிப்பான்னு எனக்குத் தெரியும்” என்று பாயைச் சுருட்டிக்கொண்டு ஏறினாள்.

இதுவே மேல் என்று ஒருத்தி ஏறுகிறாள் என்றால், அந்த வீட்டில் என்ன பாடு பட்டிருப்பாள்!

அவள் கடைசிக் கோடியில் படுத்தாள். அது வாயருகிலேயே நின்றது. கிட்டே வரவில்லை. அக்கா ரொம்ப நாளுக்கு அப்புறம் அசந்து தூங்கினாள்.

பிறகு ஒருநாள் இரவு புருஷன் வந்தான். சாராய நெடி. “எங்கடா அவ?” என்று ஒல்லியைச் சுவரோடு தள்ளினான். ஏணியைப் பார்த்துவிட்டான். ஒல்லி அவன் காலைக் கட்டிக்கொண்டான். “மாமா, ஏறாதீங்க! உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்...” உதறிவிட்டு ஏறினான். தலை உள்ளே போனது... இடுப்பு... கால். அப்புறம் சத்தமே இல்லை.

ஒல்லி விளக்கோடு ஏறிப் பார்த்தான். அக்கா தூங்கிக்கொண்டிருந்தாள். வேறு யாருமில்லை. ஓர் ஓடுகூடக் கலையவில்லை. போலீஸ் வந்து தேடிவிட்டுப் போனது.

அன்றிலிருந்து ஒல்லி ராத்திரியில் வீட்டை விட்டு நகர்வதில்லை. நூலை அவிழ்க்கவும் துணிவில்லை. போன வாரம் நானே போய் அவன் பக்கத்தில் படுத்துப் பார்த்தேன். பலகை மூன்று இடத்தில் வளைந்திருந்தது. கோடியில் அக்கா... அசையவில்லை. வாயருகே ஒன்று... அதுவும் அசையவில்லை. மூன்றாவது நடுவில் போய் வந்துகொண்டே இருந்தது. வாய் வரை வரும்... நிற்கும்... திரும்பும். கிர்ர்... கிர்ர்...

ஒல்லி என் காதோடு காதாகச் சொன்னான்.

“முன்ன மாதிரி நூலை அழுத்தல பாத்தியா... மாமா இளைச்சுட்டே வர்றாருடா.”