முன்னூறு கோட்டுக்கு ஒரு குழி

— மொதல்ல அந்தக் கோட்டைக் கழட்டுங்க உபதேசியாரே. சித்திரை வெயில்ல நாங்க உப்பு வாரவே தள்ளாடுறோம், நீங்க கம்பளிய மாட்டிக்கிட்டு வரப்பு மேல நிக்கிறீங்க.

— கழட்ட மாட்டேன் அஞ்சம்மா. நாளைக்கு அந்த வெளிநாட்டுக் கோயில்காரங்க வர்றாங்க. சுனாமிக்கு அவங்க அனுப்பின துணிய நம்ம குப்பத்து சனங்க உடுத்தியிருக்கறத போட்டோ புடிக்கணுமாம். நானே போடலன்னா வேற எவன் போடுவான்?

— புடிச்சி?

— அத அவங்க ஊர்ல காட்டி, நாப்பது வீட்டுக்குக் கூரை போட்டுத் தருவாங்க. உன் வீடும் அதுல இருக்குது. உனக்குக் குடுத்த கறுப்புக் கோட்டு எங்க?

— செத்தவங்க துணிய யாராவது உடுத்துவாங்களா?

— யாரும்மா செத்தது?

— என்னங்க இப்படிக் கேக்கறீங்க? எங்கள்ல ஒரு ஆள் போனாத்தான் துணிமணிய மொத்தமா வெளிய போடுவோம். கன்டெய்னர் நெறைய வந்து எறங்கினதும், அங்க முன்னூறு பேராவது போயிருப்பாங்கன்னு குப்பமே அழுதுச்சு. பாதிக்கு விலைச்சீட்டுகூட கிழிக்கல. ஒரு வாட்டியும் உடுத்தாம போய்ச் சேந்துட்டாங்க, பாவம்.

— அடக் கடவுளே! எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்க அஞ்சம்மா. வருஷா வருஷம் புதுசு வாங்குவாங்க, பீரோ ரொம்பிடும், கழிச்சி விடுவாங்க. அவ்ளோதான்.

— உயிரோட இருக்கும்போதேவா?

— உயிரோட இருக்கும்போதேதான்.

— அப்ப நாலு கை வச்ச குட்டிச் சட்டை ஒண்ணு இருந்துச்சே? அந்தக் கொழந்தைய நெனச்சி பக்கத்து வீட்டு பூஜாவோட அம்மா ரெண்டு நாள் சோறு திங்கல.

— அது நாய் சட்டை.

— நாய்க்கு சட்டையா?

— குளிருமில்ல.

— அந்த நாயாவது நல்லா இருக்குதா?

— எனக்கு எப்படித் தெரியும்! நான் மட்டும் என்ன ஒழுங்கு? பொருள் மேல ஆசை வைக்காதீங்கன்னு சாமியார் பிரசங்கம் வைக்கறப்பல்லாம் மொத ஆளா தலையாட்டுவேன். கன்டெய்னர் தொறந்த அன்னிக்கு ஏழு டை எடுத்து வச்சிக்கிட்டேன். கட்டிக்கறதுக்குக் காலர் வச்ச சட்டை ரெண்டுதான் இருக்குது.

— தட்சணாமூர்த்தி அந்த மாதிரி டையிலதான் ஆட்டைக் கட்டியிருக்கான். கெட்டியா இருக்குதாம்.

— பேச்சை மாத்தாத. கோட்டு எங்க?

— பொதைச்சிட்டோம்.

— எதை?

— ஆடு கட்டினது போக எல்லாத்தையும். உப்பளத்துக்கு மேக்கால மேட்டுல பெரிய குழியா வெட்டி. அவங்களும் உங்க வேதக்காரங்களாச்சேன்னு ஒரு சிலுவையும் நட்டோம். நேத்துதான் பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சுது.

— என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?

— சொன்னா சாமியாரைக் கூப்பிடணும்பீங்க, தேதி பாக்கணும்பீங்க. முன்னூறு பேரை எத்தினி நாள் போட்டு வைக்கறது?

— அய்யோ, அந்தக் கறுப்புக் கோட்டு தன்னோடதுன்னு கடுதாசி போட்ட மார்த்தாம்மாவே நாளைக்கு நேர்ல வர்றாங்களே! அவங்களையே கூட்டிட்டுப் போயி அவங்க சமாதியக் காட்டச் சொல்றியா? கெளம்பு. ஆளுங்கள மம்பட்டி எடுத்துட்டு வரச் சொல்லு. இப்பவே தோண்டி, ஒதறி, வெயில்ல காய வச்சிடலாம்.

— மத்ததெல்லாம் தோண்டிக்குங்க. அந்தக் கறுப்புக் கோட்டை மட்டும் தொடாதீங்க.

— அதைத்தான் அந்தம்மா மொதல்ல தேடுவாங்க! கூரை வேணாமா உனக்கு?

— கூரை போனாப் போவுது. எங்க வீட்டுக்காரரைத்தான் கடல் திருப்பிக் குடுக்கவே இல்லியே, உபதேசியாரே. அவர் லுங்கிய மடிச்சி அந்தக் கோட்டுக்குள்ள வச்சி, பொத்தானெல்லாம் போட்டுத்தான் படுக்க வச்சிருக்கேன்.